மீட்டர் யார் பெயரில்? மின் திட்டமிடலும் எளியோரும்

திருவண்ணாமலைக் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் போனால் ரமணாசிரமம். 1922-ல் ரமணர் தம் தாயின் சமாதியருகே தங்க வந்தபோது அது ஊருக்கு வெளியே இருந்த இடம். இன்று ஆசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சொந்த வீடுகள், மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்க்கான குளிரூட்டிய அறைகள், நான்கு போர்ஷன்களாகத் தடுத்து வாடகைக்கு விடப்பட்ட மாடிகள், டீக்கடைகள், தள்ளுவண்டிகள் எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. சற்றுத் தள்ளிப் புறம்போக்குக் குடியிருப்புகள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்தில் வீடே இல்லாத சாதுக்கள். எல்லாருக்கும் மேலே போவது ஒரே கம்பிதான். ஆனால் மின்வாரியத்தின் கணக்கில் இவர்கள் எல்லாரும் இல்லை. அங்கே இருப்பவை மின் இணைப்பு எண்கள். யார் பெயரில் ஈ.பி. கார்டு இருக்கிறதோ, அவர்தான் நுகர்வோர்.

வளரும் நாடுகளில் எரிசக்தித் திட்டமிடலை எளியவர்களுக்கு நியாயமானதாக்குவது எப்படி என்ற கேள்விக்கு எழுபது ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. கம்பி போய்ச் சேரட்டும் என்றது ஒரு காலம். விலையில்லாமல் கொடுங்கள் என்றது இன்னொன்று. விலையைச் சரியாக வை, ஏழைக்குப் பணமாகக் கொடு என்பது மூன்றாவது. தேவையிலிருந்து தொடங்கு என்றார்கள் சிலர். சுமை யார் தலையில் விழுகிறது, முடிவு யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள் பின்வந்தவர்கள். இவ்விடைகளின் பிறப்பையும் பலவீனங்களையும் தமிழகத்தை, முடிந்த இடங்களில் திருவண்ணாமலையை, முன்வைத்துப் பரிசீலிக்கலாம். ஒன்றோடொன்று மோதும் இந்த நிலைப்பாடுகளில் பெரும்பாலானவை ஓர் அனுமானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்: இணைப்பும் மனிதரும் ஒன்றே என்ற அனுமானம். சொத்துரிமையின் மேல் ஏறித்தான் இணைப்பு வருகிறது. ஆகவே சொத்தில்லாதவர்கள் தாராளமான திட்டத்திலும் விளிம்பிலேயே நிற்க நேர்கிறது.

கம்பி சேர்ந்த ஊரும் விளக்கு எரிந்த வீடும்

சென்னை மாகாணத்தில் பைக்காரா, மேட்டூர், பாபநாசம் நீர்மின் நிலையங்கள் 1930-களிலும் 40-களிலும் எழுந்தன. 1957-ல் மின்வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்குக் கம்பி இழுக்கும் வேலை வேகம் பிடித்தது. இந்தியாவின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இங்கே கிராம மின்மயமாக்கல் முன்னதாகவே நடந்தது என்பதில் ஐயமில்லை. அதன் உந்துவிசை வீட்டு விளக்கு அல்ல, கிணற்று மோட்டார். உணவுப் பற்றாக்குறை இருந்த காலத்தில் பம்ப்செட்டுக்கு முன்னுரிமை கொடுத்ததைத் தவறென்று சொல்வது கடினம். ஆனால் அந்த முன்னுரிமை எங்கே கம்பி போக வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. கம்பி கிணறுள்ள நிலத்தை நோக்கிப் போனது. கிணறில்லாதவர்களின் காலனித் தெரு அதன் வழியில் இருந்தால் விளக்கு வந்தது, இல்லாவிட்டால் காத்திருந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு என்ற திட்டம் பின்னர் வந்து அந்த இடைவெளியின் ஒரு பகுதியை அடைத்தது.

'மின்மயமான கிராமம்' என்ற சொல்லுக்கு இந்திய அரசு வைத்திருந்த இலக்கணமே இந்த அணுகுமுறையின் குறையைக் காட்டிக்கொடுக்கும். கிராம எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும் என்பது பழைய இலக்கணம். ஒரு பம்ப்செட் ஓடினால் ஊரே மின்மயம். பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களோடு குறைந்தது பத்து விழுக்காடு வீடுகளுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்ற திருத்தம் 2004-ல்தான் வந்தது. 2018 ஏப்ரல் 28-ல் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்மயமாகிவிட்டன என்று அறிவிக்கப்பட்டதும் இந்தக் கணக்கின்படிதான். வீடுகளை எண்ணும் சௌபாக்யா திட்டம் அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2017-ல், தொடங்கியிருந்தது. ஊரை எண்ணுவதிலிருந்து வீட்டை எண்ணுவதற்கு வர அரை நூற்றாண்டு ஆனது. வீட்டிலிருந்து ஆளுக்கு வருவது இன்னும் பாக்கி.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஜவ்வாதுமலை இருக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களுக்குக் கம்பி கொண்டுபோவது பணத்தால் மட்டும் முடிகிற காரியமல்ல. இடையில் காடு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான காட்டு நிலத்தை மின்பாதை போன்ற ஊர்த் தேவைகளுக்கு ஒதுக்க வழி செய்திருக்கிறது. ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. சட்டம் இருந்தும் அதைப் பயன்படுத்துவதற்கு மனு எழுதவும் அலுவலகம் அலையவும் ஆள் வேண்டும். எட்டாத இடத்துக்குத் தனிச் சூரியத் தகடுகள் போதும் என்ற வாதம் இங்கே அடிக்கடி எழுகிறது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் சமவெளிக்கு மோட்டாரும் மிக்சியும், மலைக்கு இரண்டு விளக்கும் ஒரு செல்போன் சார்ஜரும் என்ற ஏற்பாடு நிரந்தரமானால், அதை நியாயமென்று சொல்ல முடியுமா என்பது ஐயம்.

கம்பி சேர்ந்த பிறகும் மின்சாரம் சேர்ந்ததா என்பது இன்னொரு கேள்வி. 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு இதைத் தமிழகம் முழுவதற்கும் கற்பித்தது. 2012-ல் சென்னைக்கு அறிவிக்கப்பட்ட வெட்டு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களில் அது பல மடங்காக இருந்தது, பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிய நாட்களும் உண்டு. தலைநகரின் தொழிலும் மருத்துவமனைகளும் நின்றால் எல்லாருக்கும் நட்டம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பற்றாக்குறை வந்தால் ஏதோ ஒரு முறையில் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் மாவட்டத்துச் சிறு நூற்பாலைத் தொழிலாளியும், தேர்வுக்குப் படிக்கும் மாணவியும், ஐஸ் பெட்டியை நம்பிய வியாபாரியும் ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும் என்பதை விளக்கும் எந்த ஆவணமும் விவாதத்துக்கு வைக்கப்படவில்லை. பங்கீடு நடந்தது, பங்கீட்டின் கொள்கை மட்டும் சொல்லப்படாமல் இருந்தது.

இலவசத்தின் கணக்கு

தமிழகத்தின் தனி விடை இலவசம். அதை வெறும் தேர்தல் உத்தி என்று ஒதுக்குகிறவர்கள் அதன் வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970-ல் கோவைப் பகுதியில் எழுந்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கோவை நகரத்தை மாட்டுவண்டிகள் முற்றுகையிட்டன. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் சங்கம் மாநிலச் சக்தியாக வளர்ந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கின. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பது 2016 மே 23-ல் ஜெயலலிதா பதவியேற்றவுடன் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று. கைத்தறி, விசைத்தறி நெசவாளருக்குத் தனி அளவு. 2023-ல் அது கைத்தறிக்கு 300 யூனிட்டாகவும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டாகவும் உயர்ந்தது. ஆரணிப் பட்டு நெசவாளர்கள் இருக்கும் மாவட்டத்தில் இது சிறிய உதவியல்ல.

இலவசத்தின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது யாரிடமும் வறுமைச் சான்றிதழ் கேட்பதில்லை. பட்டியல் போட்டு ஏழையைத் தேர்ந்தெடுக்கும் திட்டங்களில் உண்மையான ஏழை விடுபட்டுப்போவது இந்தியா முழுக்கக் கண்ட அனுபவம். எல்லாருக்கும் ரேஷன் என்ற கொள்கையைத் தமிழகம் விடாமல் காத்ததற்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை. மீட்டர் ஓடுமே என்று பயப்படாமல் மே மாத இரவில் மின்விசிறியைப் போட்டுக்கொள்ள முடிவது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்ன என்பதைப் பொருளாதார அட்டவணையில் காட்டுவது கடினம்.

வேளாண் இலவசம் மீதான விமர்சனம் வழக்கமாக நிலத்தடி நீரைச் சுற்றியே நடக்கிறது. வட ஆற்காடு இதில் தனிக் கவனம் பெற்ற பகுதி. இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989-ல் பிரிவதற்கு முன் அதில் அடங்கியிருந்தது. 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே கிராமங்களைத் தேர்ந்தெடுத்துப் பசுமைப் புரட்சியை ஆராய்ந்தார்கள். பி. எச். ஃபார்மர் 1977-ல் அதைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஊர்களுக்குப் பிறகு திரும்பிச் சென்ற பீட்டர் ஹேசல், சி. ராமசாமி ஆகியோரின் 1991-ஆம் ஆண்டு ஆய்வு, வளர்ச்சியின் பலன் சிறு விவசாயிகளுக்கும் நிலமற்ற கூலிகளுக்கும் கணிசமாகச் சேர்ந்தது என்று வாதிட்டது. நிலமற்றவருக்கு மோட்டாரால் என்ன லாபம் என்று எளிதாகக் கேட்டுவிட முடியாது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. தண்ணீர் இருந்தால் வேலை இருக்கும், வேலை இருந்தால் கூலி இருக்கும்.

ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே தண்ணீர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ச. ஜனகராஜன் உள்ளிட்டோர் எழுதியதுபோல, கிணற்றை ஆழப்படுத்தும் போட்டி தொடங்கியதும் கதை மாறியது. பக்கத்து நிலத்துக்காரர் போர் போட்டால் நம் கிணறு வற்றும், நாமும் போட வேண்டும். கடன் வாங்க முடிந்தவர் போட்டார், முடியாதவர் தண்ணீர் வாங்குபவராகவோ கூலியாகவோ ஆனார். மின்சாரம் இலவசமாக இருக்க, பலன் மட்டும் யாருடைய போர் ஆழமோ அவரிடம் போய்ச் சேர்ந்தது. இலவசம்தான் இதற்கு ஒரே காரணம் என்பது மிகை. நெல்லுக்கும் கரும்புக்கும் இருந்த சந்தை, ஏரிகளைப் பராமரிக்காமல் விட்டது, மழை என்று பலவும் சேர்ந்தவை. இருந்தாலும் இலவச மின்சாரம் ஆளுக்குத் தரப்படாமல் மோட்டாருக்குத் தரப்பட்டது என்ற உண்மை இதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த மோட்டார் இணைப்பைப் பெறுவதிலும் ஒரு வரிசை உண்டு. மாநிலத்தில் 23 லட்சத்துக்கு மேற்பட்ட வேளாண் இணைப்புகள் இருக்கின்றன. இலவச இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களும் லட்சக்கணக்கில் உண்டு. தட்கல் திட்டத்தில் பணம் கட்டினால் முன்னே போகலாம்: ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம் ரூபாய், பதினைந்துக்கு 4 லட்சம். இலவச மின்சாரத்துக்கான வரிசையில் பணம் கொடுத்து முந்துவது! கம்பமும் கம்பியும் போடுவதற்கான செலவை வசூலிக்கிறோம் என்று வாரியம் சொல்வதில் பொருளுண்டு. ஆனால் ஏழை விவசாயிக்காக என்று தொடங்கிய மானியத்தின் வாசலில் நிற்பதற்கே முதல் வேண்டும் என்றாகிவிட்டது.

போர்ஷன் வீட்டு யூனிட்

இனி வீட்டுக்குள் வருவோம். ரமணாசிரமப் பகுதி போன்ற வாடகை ஊர்களில் இலவசத்தின் விளிம்பு மிகத் தெளிவாகத் தெரியும். ஒரு கட்டடம், ஒரு மீட்டர், மூன்று போர்ஷன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் செலவழிக்கிறது. தனித்தனி இணைப்பு இருந்தால் மூவருக்கும் சேர்த்து 300 யூனிட் இலவசம், காசு கட்ட வேண்டியது 150 யூனிட்டுக்கு மட்டும். ஒரே மீட்டரானால் மொத்தம் 450 யூனிட், அதில் இலவசம் நூறு. 350 யூனிட்டுக்குக் காசு கட்ட வேண்டும். அதுவும் அடுக்குக் கட்டண முறையில் கூட்டுக் கணக்கு மேல்படியில் ஏறிவிடுகிறது. குறைவாகச் செலவழிக்கிற மூன்று குடும்பங்கள் சேர்ந்து, சட்டத்தின் பார்வையில், அதிகம் செலவழிக்கிற ஒரே குடும்பமாகிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குவது தமிழகத்தில் வாடகைக்கு இருக்கும் எவரும் அறிந்த கணக்கு. இலவச நூறு யூனிட் அந்தக் கணக்கில் எங்கோ கரைந்துபோகும்.

வீட்டுக்காரரின் பேராசை என்று இதை முடித்துவிடலாம், ஆனால் அது பாதி உண்மையே. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், படிக்கட்டு விளக்கு, மேல்படிக் கட்டணம் எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. அவற்றைப் பிரித்துக் கணக்கிட எளிய வழி இல்லாதபோது மொத்தமாக ஒரு விலை வைக்கிறார். தனி இணைப்பு வாங்கிக் கொடுத்தால் வாடகைதாரர் அதையே ஆதாரமாக்கிக் காலி செய்ய மறுப்பாரோ என்ற அச்சமும் உண்டு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' கேட்டால் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி, அதற்கு இசைவு மறுத்து வாடகைதாரரை முடக்கக் கூடாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவர் வீட்டுக்காரரை எதிர்த்துச் சட்டப் பிரிவைக் காட்டுவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

2022 இறுதியில் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது இந்தச் சிக்கல் மேலே வந்தது. 2.67 கோடி இணைப்புகளுக்கான அந்தப் பணியில், யாருடைய ஆதார், உரிமையாளருடையதா குடியிருப்பவருடையதா என்ற குழப்பம் பரவியது. ஒரே குடும்பம் பல இணைப்புகள் வைத்து இலவசத்தைப் பெருக்கிக்கொள்வதாகவும் பேச்சு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விநோதம் புரியும். வசதியுள்ள ஒரு குடும்பம் மூன்று மீட்டர் வைத்து 300 யூனிட் இலவசம் பெறலாம். வசதியற்ற மூன்று குடும்பங்கள் ஒரு மீட்டரில் நூறைப் பங்கிடலாம். எண்ணப்படுவது மீட்டர் என்பதால் இரண்டும் விதிக்கு உட்பட்டவையாகவே தோன்றும்.

இது தமிழகத்துக்கு மட்டுமே உரிய குறை அல்ல. தென்னாப்பிரிக்கா 2003 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசமாக வழங்கிவருகிறது. அங்கே நகர்ப்புறங்களில் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு வாடகைக்கு இருப்போர் ஏராளம். முன்வீட்டு மீட்டரிலிருந்து கம்பி இழுத்து, முன்வீட்டுக்காரர் சொல்லும் விலையைக் கொடுக்கும் அவர்களை அந்த இலவசம் பெரும்பாலும் எட்டுவதில்லை. கண்டம் வேறு, கட்சி வேறு, பிழை ஒன்றே.

விலையே பேசட்டும் என்போர்

1990-களில் உலக வங்கியின் ஆலோசனையோடு மின்துறைச் சீர்திருத்தம் இந்தியாவுக்கு வந்தது. 1996-ல் ஒடிசா முதலில் வாரியத்தைப் பிரித்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குமுறை ஆணையங்களுக்குக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் தந்தது, குறுக்கு மானியத்தைக் குறைக்கச் சொன்னது, மாநில அரசு மானியம் தர விரும்பினால் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டுத் திருத்த வரைவு ஒரு படி மேலே போய், மானியத்தைப் பயனாளியின் கணக்கில் நேரடியாகப் போடச் சொன்னது. தமிழக அரசு எதிர்த்தது, தில்லி எல்லையில் திரண்ட விவசாயிகளின் கோரிக்கைகளிலும் அதைத் திரும்பப் பெறுவது ஒன்றாக இருந்தது.

இந்தப் பக்கத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடனில் மூழ்கிய வாரியத்தால் புதிய கம்பமும் போட முடியாது, பழைய மின்மாற்றியையும் மாற்ற முடியாது. தரங்கெட்ட மின்சாரத்தின் முதல் பலி கிராமக் கடைக்கோடி. மானியத்தை மறைத்து வைக்காமல் வெளியே வைப்பது ஜனநாயகத்துக்கும் நல்லது. இன்னொன்றும் உண்டு: மானியத்தை ஆளுக்குத் தருவது என்ற அளவில், மேலே சொன்ன இணைப்பு அனுமானத்தை உடைக்கக்கூடிய ஒரே முகாமும் இதுதான். ஆனால் நடைமுறையில் நேரடிப் பணமும் இணைப்பின் உரிமையாளர் கணக்குக்கே போகும். பட்டா தாத்தா பெயரிலும் கிணறு சித்தப்பா பெயரிலும் இருக்கும் கூட்டுக் குடும்ப நிலத்தில் பயனாளி யார் என்பதற்கே ஒரு வழக்கு வேண்டியிருக்கும். குத்தகை விவசாயி இங்கேயும் வெளியில்தான்.

சீர்திருத்தத்தின் பக்க விளைவு யாரைத் தாக்கும் என்பதற்குக் குஜராத் நல்ல பாடம். 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் வேளாண் மின்பாதையையும் வீட்டு மின்பாதையையும் பிரித்தது. கிராம வீடுகளுக்கும் கடைகளுக்கும் நாள் முழுதும் மின்சாரம், மோட்டாருக்கு அளவான நேரம். பரவலாகப் பாராட்டப்பட்ட இந்தச் சாதனையை மதிப்பிட்ட துஷார் ஷாவும் உடனாய்வாளர்களும் ஓர் இழப்பையும் பதிவு செய்தார்கள். மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததும் தண்ணீர் விற்பனை சுருங்கியது, தண்ணீர் விலை ஏறியது, அதை வாங்கிப் பயிர் செய்த சிறு குத்தகையாளரும் நிலமற்றோரும் அடிபட்டார்கள். அவர்களுக்கு மின் இணைப்பே கிடையாது. ஆகவே மின்துறையின் எந்தக் கணக்கிலும் அவர்கள் 'பாதிக்கப்பட்ட நுகர்வோர்' ஆக முடியாது. மும்முனை மின்சாரத்தின் நேரம் பற்றிய தமிழக விவாதங்களிலும் தண்ணீர் வாங்குபவரின் குரல் கேட்பது அரிது.

தேவையிலிருந்து தொடங்குதல்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்யா ரெட்டி வேறு திசையிலிருந்து வந்தார். எத்தனை மெகாவாட் வேண்டும் என்று கேட்காதே, விளக்கும் சமையலும் குடிநீரும் எவ்வளவு வேண்டும் என்று கேள் என்பது அவர் நிலை. கோல்டெம்பர்க், யோஹான்சன், வில்லியம்ஸ் ஆகியோரோடு சேர்ந்து, ஆளுக்கு ஒரு கிலோவாட் என்ற அளவிலேயே அடிப்படைத் தேவைகளும் அதற்கு மேலும் கிட்டும் என்று 1980-களில் அவர் வாதிட்டார். கணக்கின் அலகு ஆள் என்பது கவனிக்கத்தக்கது. கர்நாடகத்தின் பூரா கிராமத்தில் சாண எரிவாயுவைச் சமையலுக்குக் கொடுக்கும் முயற்சி வாயு போதாமல் தோற்றது. அதே கலனிலிருந்து இயந்திரம் ஓட்டி விளக்கும் குழாய்த் தண்ணீரும் தந்தபோது ஊர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. நிபுணர் ஊகித்த தேவை ஒன்று, ஊர் மதித்த தேவை வேறு.

அந்த இடைவெளிதான் இந்த அணுகுமுறையின் பலவீனமும். தேவையை யார் வரையறுப்பது? அண்ணாமலையின் சரிவுகளிலிருந்து விறகு கொண்டுவந்த பெண்கள், மலையில் மரம் நடும் முயற்சிகளின் பார்வையில் நெடுநாள் ஒரு பிரச்சினையாகவே இருந்தார்கள். எரிசக்தித் திட்டத்தின் பார்வையில் அவர்கள் இருக்கவே இல்லை. 2006-க்குப் பின் தமிழக அரசு தந்த இலவச எரிவாயு இணைப்பும் 2016-ல் வந்த உஜ்வலாவும் அடுப்பைக் கொடுத்தன, அடுத்த சிலிண்டருக்கான பணம் யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்கவில்லை. வீடு என்ற அலகுக்குள்ளும் சமமின்மை இருக்கிறது என்பதைத் தேவைவாதிகள் சொன்ன அளவுக்குக்கூடத் திட்ட ஆவணங்கள் சொல்வதில்லை.

சுமையும் சபையும்

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக 'எரிசக்தி நீதி' என்ற பெயரில் வளர்ந்த சிந்தனை மூன்று கேள்விகளை வைக்கிறது: பலனும் சுமையும் எப்படிப் பங்காகின்றன, யார் கண்ணில் படாமல் போகிறார்கள், முடிவெடுக்கும் முறை நேர்மையானதா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளைக் கோட்பாட்டாளர்களுக்கு முன்பே கடற்கரையும் வயலும் கேட்டுவிட்டன. எண்ணூரில் அனல்மின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலப்பதை மீனவர்களும், 2011 முதல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை இடிந்தகரை மக்களும், 2023-ல் விளைந்த நெல்வயலில் இயந்திரம் இறங்கியதை நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியும் எதிர்த்த வரலாறு நீண்டது. இங்கே அதை விரிக்கப் போவதில்லை. சூரிய ஒளி வந்தால் இந்தச் சுமை தீரும் என்ற நம்பிக்கையை மட்டும் சற்றுச் சோதிக்கலாம். கர்நாடகத்தின் பாவகடாவில் 13,000 ஏக்கரில் அமைந்த 2,050 மெகாவாட் சூரியப் பூங்காவில் நிலத்தைப் பிடுங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாயில் தொடங்கிய அந்த ஏற்பாடு நிலம் உள்ளவர்களுக்கு வறட்சிப் பகுதியில் உறுதியான வருமானம். அதே நிலத்தில் களையெடுத்தவருக்கும் ஆடு மேய்த்தவருக்கும் குத்தகைப் பத்திரத்தில் இடமில்லை. வீட்டுக் கூரைச் சூரியத் தகட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் 2024-ஆம் ஆண்டு மத்தியத் திட்டமும் கூரை உள்ளவரையே தேடுகிறது. எரிபொருள் மாறியது, சொத்தின் வழியே நியாயம் பாய்வது மாறவில்லை.

முறைமையைப் பொறுத்தவரை, கட்டண உயர்வுக்கு முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்பது பெரிய முன்னேற்றம். 2022-ல் எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த உயர்வுக்கு ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் கருத்துக் கேட்டது. திருவண்ணாமலைக்காரர் ஒருவர் பேச வேண்டுமென்றால் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் பயணம், ஒரு நாள் கூலி இழப்பு. நூற்றுக்கணக்கான பக்கங்களில் தொழில்மொழியில் இருக்கும் மனுவை அதற்கு முன் படித்திருக்கவும் வேண்டும். தொழிற்சங்கங்களும் ஆலை உரிமையாளர்களும் நுகர்வோர் அமைப்புகளும் அங்கே திறமையாக வாதிடுகிறார்கள். வாடகைதாரர் சங்கம் என்று ஒன்று வந்து நின்றதாகக் கேள்விப்படுவது அபூர்வம். நுகர்வோர் என்ற சொல்லின் சட்ட அகலத்துக்குள் அவர் மங்கலாகவே இருக்கிறார்.

எதிர்வாதங்கள்

ஆளை எண்ணு என்பது சொல்ல எளிது, செய்யக் கடினம் என்பது முதல் மறுப்பு. மீட்டர் அசையாது, ஆள் அசைவார். ரமணாசிரமத் தெருவில் ஒரு போர்ஷனில் ஆண்டுக்கு மூன்று குடும்பங்கள் மாறலாம். இதில் வலு இருக்கிறது. ஆனால் குடும்ப அட்டை என்ற அமைப்பு இதே சிக்கலை ஏற்கெனவே பெருமளவு சமாளித்திருக்கிறது. முகவரி மாறினால் அட்டை மாறுகிறது, அரிசி வீட்டுக்காரர் வழியாக வருவதில்லை. நூறு யூனிட்டை அட்டையோடு பிணைத்து, அட்டைதாரர் எந்த மீட்டரின் கீழ் இருக்கிறாரோ அந்தக் கணக்கில் கழிப்பது தொழில்நுட்ப அளவில் முடியாத காரியமாகத் தெரியவில்லை. கழித்ததை வீட்டுக்காரர் வாடகைதாரருக்குக் கொடுப்பாரா என்பது வேறு, அதைவிடக் கடினமான கேள்வி.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. ஆளைப் பட்டியலிடத் தொடங்கினால் அது விரைவிலேயே ஏழையைப் பட்டியலிடுவதில் முடியும், எல்லாருக்கும் இலவசம் என்ற காப்பு உடைந்துபோகும். இந்த அச்சம் நியாயமானது. தென்னாப்பிரிக்காவில் பல நகராட்சிகள் வறியோர் பதிவேடு வைத்து இலவசத்தைச் சுருக்கியபோது பதிவு செய்யத் தெரியாதவர்கள் விடுபட்டார்கள். எனவே அலகை மாற்றுவதும் இலக்கைச் சுருக்குவதும் இரு வேறு முடிவுகள் என்பதைப் பிரித்து வைப்பது அவசியம். முன்னதை ஏற்றுப் பின்னதை மறுக்க இடமுண்டு. நடைமுறை அரசியலில் அந்தக் கோடு நிற்குமா என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

வாடகை தனியார் ஒப்பந்தம், அதில் அரசு ஏன் நுழைய வேண்டும் என்பது மூன்றாவது. மின்சாரத்தை உரிமமின்றி விற்க யாருக்கும் சட்டம் இடமளிக்கவில்லை. இருந்தும் சப்-மீட்டரின் வழியே லட்சக்கணக்கான சிறு மறுவிற்பனைகள் நடக்கின்றன. அவற்றுக்கு ஓர் உச்ச விலை வைப்பது ஒப்பந்தத்தில் தலையிடுவது ஆகாது. ஆனால் உச்ச விலை வைத்தால் வித்தியாசம் வாடகையில் ஏறும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்னும் திறந்திருப்பவை

மேற்கண்டவற்றில் எந்த விடையும் முழுப் பிழையல்ல. கம்பி போகாமல் எதுவும் தொடங்காது. இலவசம் பலருக்கு உயிர்மூச்சு. வாரியத்தின் நிதி நிலையும் கவலைக்குரியதே. சான்றுகள் ஓரளவு உறுதியாகக் காட்டுவது, சொத்தை வாசலாக வைத்த திட்டம் எதுவானாலும் அதன் பலன் வாசலுக்கு உள்ளே இருப்பவரிடம் கூடுதலாகத் தேங்குகிறது என்பதையே. அந்த வாசலை அகற்றினால் எளியவருக்கு எவ்வளவு கூடுதலாகச் சேரும் என்பதை அளந்து சொல்ல நம்மிடம் தரவு போதாது. ஒரு மீட்டரின் கீழ் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எந்த மின் கணக்கும் கேட்பதில்லை என்பதே அதற்கு முதல் காரணம்.

குடும்ப அட்டைக்கும் வெளியே இருப்பவர்களைப் பற்றி யாரிடமும் தெளிவான யோசனை இல்லை: வெளிமாநிலக் கட்டடத் தொழிலாளர்கள், பட்டா இல்லாத இருளர் குடியிருப்புகளில் ஆவணமின்றி இருப்போர், கிரிவலப் பாதையின் சாதுக்கள். சாதுவுக்கு எதற்கு மின்சாரம் என்று கேட்கத் தோன்றலாம். அவருக்கும் கைப்பேசி உண்டு, டீக்கடைக்காரரின் தயவில் அது சார்ஜ் ஆகிறது. டீக்கடைக்கோ வணிகக் கட்டணம். தெருவிளக்கும் பொதுக் குழாயும் போல, பொது இடத்தில் இருக்கும் ஒரு மின்செருகியையும் திட்டமிடலின் பகுதியாக நினைக்கலாமா என்று இன்னும் யாரும் தீவிரமாகக் கேட்கவில்லை.

வரவிருக்கும் ஆண்டுகளில் ஸ்மார்ட் மீட்டர்கள் பழைய மீட்டர்களின் இடத்தைப் பிடிக்கப் போகின்றன. மத்திய அரசின் திட்டம் அவற்றை முன்பணம் கட்டும் மீட்டர்களாகவே கற்பனை செய்கிறது. அது வந்தால், பணம் தீர்ந்த இரவில் விளக்கு அணைவது யார் வீட்டில் என்ற கேள்வியும் கூடவே வரும். அதே கருவி, போர்ஷன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்கவும், இலவசத்தைக் குடும்பவாரியாகப் பிரிக்கவும் உதவக்கூடியது. எதற்கு அது பயன்படும் என்பது, மீட்டர் மாற்ற வருகிறவரின் கையிலுள்ள படிவத்தில் 'இந்த இணைப்பில் வசிக்கும் குடும்பங்கள் எத்தனை' என்றொரு கட்டம் இருக்குமா என்பதைப் பொறுத்தது.